பதினைந்து நிமிட நூல்சுருக்கங்களைக் கொண்டு ஜெர்மன் கேட்டல் பயிற்சி: பன்னிரண்டு வாரக் குறிப்பு

ஜெர்மன் மொழியின் இடைநிலையான பி1 நிலைத் தேர்வில் எனக்குப் படித்தலில் 87 மதிப்பெண்ணும் கேட்டலில் 63 மதிப்பெண்ணும் கிடைத்தன. கோத்தே நிறுவனம் நடத்தும் இத்தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கு பகுதிகளும் தனித்தனியே நூற்றுக்கு மதிப்பிடப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் 60 எடுத்தால் தேர்ச்சி. ஆகவே நான் தேறிவிட்டேன். ஆனால் ஏறத்தாழ 40 நிமிடம் நடக்கும் கேட்டல் பகுதியில், இரண்டு முறை ஒலித்த பதிவுகளை ஓரளவு பின்தொடர முடிந்ததே தவிர, ஒரே முறை ஒலித்த பதிவுகளுக்குப் பெரும்பாலும் ஊகத்தில்தான் விடை குறித்தேன். வீட்டுக்கு வந்து பழைய மாதிரித் தேர்வு ஒன்றின் ஒலிவடிவத்தை எழுத்தில் படித்துப் பார்த்தபோது, அதில் எனக்குத் தெரியாத சொற்கள் பத்துகூட இல்லை. கண்ணுக்குத் தெரிந்த சொற்கள் காதுக்குத் தெரியவில்லை என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

நான் கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பிரிவில் இயந்திரம் நின்றால் முதலில் செய்யும் வேலை, பழுதுப் பதிவேட்டில் நேரத்தையும் அறிகுறியையும் காரணத்தையும் எழுதுவது. காரணம் எழுதப்படாத பழுது திரும்ப வரும் என்பது எங்கள் மூத்த போர்மேன் சொல்லிக்கொடுத்த பாடம். அடுத்த படியான பி2 நிலைக்குப் படிக்கத் தொடங்கும் முன் என் காதுக்கும் அப்படி ஒரு பதிவேடு வைப்பது என்று முடிவு செய்தேன். அந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதுவதே இக்குறிப்பு.

எதைக் கேட்பது என்பதில் முதலில் நிறையத் தடுமாறினேன். வானொலி உரையாடல்கள் ஒரு மணி நேரம் நீண்டன, எழுத்துவடிவம் கிடைக்கவில்லை. திரைப்படங்களில் படமே பாதிக் கதையைச் சொல்லிவிடுவதால் காது சும்மா இருந்தது. முழு ஒலிநூல் எட்டு, பத்து மணி நேரம் ஓடும். அதில் ஓர் இடத்தில் தடுக்கினால் திரும்பிப் போய்த் தேடுவதற்கே மனம் வராது. அப்போதுதான் நூல்சுருக்கச் செயலிகள் நினைவுக்கு வந்தன. பெர்லினில் 2012-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிளிங்கிஸ்ட் இவ்வகையில் பலரும் அறிந்தது. பொது வாசிப்புக்கான அறிவுநூல்களின் கருத்துகளைக் கால் மணி நேர அளவில், ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும், எழுத்தாகவும் ஒலியாகவும் தருகிறது. ஒரு சுருக்கம் இரண்டு, மூன்று நிமிடத் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது; ஒவ்வொரு துண்டிலும் ஒரு கருத்து தொடங்கி, எடுத்துக்காட்டு பெற்று, முடிந்துவிடுகிறது. மொழி கற்பவருக்கு வேண்டியது இந்த முழுமைதான். இரண்டு நிமிடத்தில் முடியும் ஒன்றை இருபது முறை கேட்கலாம். நீண்ட உரையிலிருந்து வெட்டியெடுத்த இரண்டு நிமிடத்தை இருபது முறை கேட்டால் முன்னும் பின்னும் தெரியாமல் சலிப்புத்தான் மிஞ்சும்.

முதல் இரண்டு வாரங்கள் வீணாயின. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் 40 நிமிடம் ஒதுக்கி, நாள்தோறும் ஒரு சுருக்கத்தை முழுவதும் இரண்டு முறை கேட்டேன். பதினான்கு நாளில் பதினான்கு சுருக்கங்கள் முடிந்தன. ஒவ்வொன்றும் புரிந்தது போலவே இருந்தது. புரிந்ததைத் தமிழில் மூன்று வாக்கியங்களாக எழுதியும் வைத்தேன். பதினைந்தாம் நாள், உறக்கத்தைப் பற்றிய ஒரு சுருக்கத்தின் எழுத்துவடிவத்தை எடுத்து என் மூன்று வாக்கியங்களோடு ஒப்பிட்டேன். இரண்டாவது வாக்கியம் தலைகீழாக இருந்தது. வார இறுதியில் கூடுதலாகத் தூங்குவது இழந்த தூக்கத்தை ஈடுசெய்யும் என்று நான் எழுதியிருந்தேன்; மூலத்தில் ‘கவும்’ என்ற ஓரசைச் சொல் இருந்தது. ‘அரிதாகவே’, ‘ஏறக்குறைய இல்லை’ என்பது அதன் பொருள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். எழுத்தில் பார்த்தால் ஒருபோதும் தவறவிட மாட்டேன். காது அதைக் கேட்காத இடத்தில், உறக்கத்தைப் பற்றி நான் முன்பே கேள்விப்பட்டிருந்ததைக் கொண்டு மனம் வாக்கியத்தை நிரப்பிக்கொண்டது.

இதிலிருந்து ஒரு விதி பிறந்தது. பொருள் ஓரளவு பழக்கமானதாக இருக்கலாம். ஆனால் முன்பே படித்த நூலின் சுருக்கத்தை எடுக்கக் கூடாது. ஆங்கிலச் சுருக்கத்தை முதலில் படித்துவிட்டு ஜெர்மன் சுருக்கத்தைக் கேட்கும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். தொடக்க நிலையில் அது துணிவைத் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பழுதைக் கண்டுபிடிக்க விரும்புபவருக்கு அது பழுதை மூடி மறைக்கும் வேலையைத்தான் செய்கிறது.

மூன்றாம் வாரம் முறையை மாற்றினேன். ஒரு சுருக்கத்தை முழுவதும் ஒரு முறை கேட்பது. பிறகு அதிலிருந்து 90 விநாடிகளை மட்டும் தேர்ந்து, வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுதுவது. ஒரு வாக்கியத்துக்கு ஐந்து முறைக்கு மேல் திரும்பக் கேட்பதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன், ஏனெனில் அதற்கு மேல் கேட்டால் காது புதிதாக எதையும் தருவதில்லை, மனம்தான் கற்பனை செய்கிறது. அதன்பின் எழுத்துவடிவத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால் திருத்துவது. செயலிக்குள் இருக்கும் ஒலியை வெளியே எடுப்பது உரிமை மீறல் என்பதால் அதைச் செய்யவில்லை. பின்னோக்கிச் செல்லும் பொத்தானையே பயன்படுத்தினேன். அது 15 விநாடி பின்னால் தள்ளியது. ஒரு வாக்கியமோ ஆறேழு விநாடிதான். தேவையில்லாத முந்தைய வாக்கியத்தையும் ஒவ்வொரு முறையும் கேட்க நேர்ந்தது எரிச்சலாக இருந்தாலும், போகப் போக அதில் ஒரு பயன் தெரிந்தது: வாக்கியம் எங்கிருந்து பிறக்கிறது என்பது தொடர்ச்சியோடு காதில் விழுந்தது. புளூடூத் ஒலிப்பானை விட்டுக் கம்பியுள்ள பழைய ஹெட்போனுக்கு மாறியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். என்னிடம் இருந்த புளூடூத் கருவி, நிறுத்தித் தொடங்கும் ஒவ்வொரு முறையும் முதல் அசையை விழுங்கியது. ஜெர்மனில் முதல் அசை போனால் சொல்லே போய்விடும்.

முதல் நாள் 90 விநாடிக்கு ஏறத்தாழ 200 சொற்கள். எழுதி முடிக்க 40 நிமிடம் போதவில்லை. திருத்தியபோது 47 பிழைகள். ஆறு துண்டுகள் முடிந்தபின் எல்லாப் பிழைகளையும் காரணம் வாரியாகப் பிரித்தேன். மொத்தம் 214. அவற்றில் எனக்குத் தெரியாத சொற்கள் 58 மட்டுமே. தெரிந்த சொல்லாக இருந்தும் காதில் அடையாளம் தெரியாமல் போனவை 97. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்று குழம்பியவை 36. எல்லாச் சொற்களையும் சரியாக எழுதிவிட்டு வாக்கியத்தின் பொருளை மட்டும் தவறவிட்ட இடங்கள் 23. அதுவரை என் ஆசிரியையிடம் நான் முறையிட்டது எல்லாம் “எனக்குச் சொல்வளம் போதவில்லை, மேடம்” என்பதுதான். ஒவ்வொரு மாலையும் புதுச் சொற்களை அட்டையில் எழுதி மனப்பாடம் செய்ததும் அதனால்தான். பதிவேட்டைக் காட்டியபோது அவர், “நீங்கள் கால் பங்குப் பழுதுக்கு முழு நேரத்தையும் செலவிட்டிருக்கிறீர்கள்” என்றார். அன்று முதல் புதுச்சொல் அட்டைகளை வாரம் இருமுறையாகக் குறைத்துவிட்டு அந்த 97-இன் மேல் கவனத்தைத் திருப்பினேன்.

அந்த 97-ஐ மேலும் பிரித்தபோது கிடைத்தவைதான் இந்தப் பன்னிரண்டு வாரங்களின் பெரிய ஆதாயம். அவற்றில் பல, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட காதுக்கே உரியவை; ஆங்கிலம் பேசுவோருக்காக எழுதப்பட்ட பயிற்சி நூல்களில் இவற்றை நான் காணவில்லை.

முதலாவது, சொல்லின் முதலில் வரும் வல்லொலிகள். பணம் செலுத்தும் இடத்துக்கு ஜெர்மனில் ‘காஸ’, சந்துக்கும் ‘காஸ’. முதல் சொல் ஆங்கிலக் கே எழுத்தில் தொடங்குகிறது, இரண்டாவது ஜி எழுத்தில். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவதை இந்த வரியிலேயே காணலாம். தொடக்கத்தில் அவசரத்துக்குக் கேட்டதைத் தமிழ் எழுத்தில்தான் குறித்தேன். அதனால் எந்த வேறுபாட்டைக் காது பிடிக்க வேண்டுமோ அதையே கை அழித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாளே ஜெர்மன் எழுத்துக்கு மாறினேன். ஆனால் எழுத்தை மாற்றியதால் மட்டும் காது மாறிவிடவில்லை. வேறுபாடு குரல்நாண் அதிர்வில் இருப்பதாக எண்ணி அதையே தேடிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஜெர்மன் மொழியில் சொல்லின் முதலில் வரும் மென்மையான ஒலி பெரும்பாலும் அதிர்வு குறைந்தே ஒலிக்கிறது. ஏறத்தாழ நம் ‘கல்’, ‘பல்’, ‘தலை’ ஆகியவற்றின் முதலொலியைப் போலவே இருக்கிறது. வன்மையான ஒலியோடுதான் ஒரு மூச்சுக்காற்று சேர்ந்து வெளிவருகிறது. ஆகவே நான் தேட வேண்டியிருந்தது அதிர்வை அன்று, மூச்சை. வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு சொற்களையும் சொல்லிப் பழகினேன். காகிதம் அசைய வேண்டிய சொல்லுக்கு அசைந்தது, அசையக் கூடாத சொல்லுக்கு அசையவில்லை. வாய் அதைக் கற்றுக்கொண்ட ஒரு வாரத்தில் காதும் கற்றுக்கொண்டது. சொல்லின் இறுதியில் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே மென்மையான ஒலிகளும் வன்மையாகவே ஒலிக்கும். சக்கரத்துக்கும் அறிவுரைக்கும் ‘ராட்’ என்றே காதில் விழும். ஜெர்மானியரும் சூழலைக் கொண்டே பிரித்தறிகிறார்கள் என்று தெரிந்தபின் அந்த இடத்தில் காதைத் துன்புறுத்துவதை நிறுத்தினேன்.

உயிரொலிகளில் நமக்குப் பெரிய அனுகூலம் உண்டு. வாடகைக்கு ‘மீட்ட’, நடுவுக்கு ‘மிட்ட’. பாத்திக்கு ‘பேட்’, கட்டிலுக்கு ‘பெட்’. குறிலும் நெடிலும் சொல்லின் பொருளை மாற்றும் மொழியில் வளர்ந்தவர்களுக்கு இது பால் குடிப்பது போல. என் 97 பிழைகளில் ஒன்றுகூட இவ்வகையில் இல்லை. ஆனால் உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ என்று ஒலிக்கும் அந்த உயிர் தமிழில் இல்லை. அந்த உயிரைக் கொண்ட, ‘காக’ என்ற பொருள் தரும் ‘ஃப்யூர்’ என்ற சொல்லையும் நான்கு என்ற எண்ணுக்கான ‘ஃபீர்’ என்பதையும் திரும்பத் திரும்பக் குழப்பினேன். நிறுத்தி நிதானமாகக் கேட்டால் பிரிகின்றன. ஓடும் வாக்கியத்தில் ‘நான்கு மனிதர்கள்’ என்று எழுதிய இடத்தில் ‘மனிதர்களுக்காக’ என்று இருந்தது. இதற்கு நான் கண்ட வழி, ஒவ்வொரு முறையும் அடுத்து வரும் சொல்லைக் கொண்டு சரிபார்ப்பதுதான்.

மூன்றாவது, விழுங்கப்படும் ஈறுகள். ‘ஹாபன்’ என்று பாடநூலில் கற்ற சொல்லை வாசிப்பாளர் ‘ஹாப்ம்’ என்று உதடு மூடி முடித்துவிடுகிறார். ‘ஒரு’ என்று பொருள்படும் ‘அய்ன்’ வேற்றுமை ஏற்று ‘அய்னன்’ ஆகும்போது, அந்த ஈறு ‘அய்ன்’ என்பதன் கடைசியில் ஓர் இழுப்பாக மட்டும் எஞ்சுகிறது; வேற்றுமை அந்த இழுப்பில்தான் இருக்கிறது. இது பேச்சு வழக்கின் சோம்பல் அன்று. தெளிவாகவும் அழகாகவும் வாசிக்கும் தொழில்முறை வாசிப்பாளரிடமும் இதுவே இயல்பு. நாம் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு ‘வந்துட்டிருக்கேன்’ என்பதைப் போல, எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே உள்ள தொலைவு எல்லா மொழிக்கும் உண்டு. அதைப் பிழையாகக் கருதாமல் பாடமாகக் கருத எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

இந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துப் பார்த்த சோதனையையும் எழுத வேண்டும். எட்டாம் வாரம் முழுவதும் ஒலியை முக்கால் வேகத்தில் வைத்துக் கேட்டேன். பிழைகள் குறையவில்லை. காரணம் எளியது: வேகத்தைக் குறைப்பது இருக்கும் ஒலியை நீட்டுமே தவிர, வாசிப்பாளர் சொல்லாமல் விட்ட ஒலியைத் திரும்பக் கொண்டுவராது. ‘ஹாப்ம்’ என்பது நீண்ட ‘ஹாப்ம்’ ஆயிற்று, ‘ஹாபன்’ ஆகவில்லை. மாறாக, ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்ல மொழி கற்போருக்காக வெளியிடும் மெதுவான செய்தி வாசிப்பில், மனிதரே நிதானமாக வாசிப்பதால் ஈறுகள் முழுமையாக ஒலிக்கின்றன. அதே செய்தியின் இயல்பான வேக வடிவமும், எழுத்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரே செய்தியை இரண்டு வேகத்திலும் அடுத்தடுத்துக் கேட்டு, எந்தெந்த ஒலிகள் காணாமல் போகின்றன என்று அடிக்கோடிட்டது இந்தப் பன்னிரண்டு வாரங்களில் மிகப் பயனுள்ள சிறு பயிற்சி. ஆனால் மெதுவான வடிவத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதும் தெளிவாயிற்று. அதில் ஒலிக்கும் முழு ஈறுகளைத் தெருவில் யாரும் ஒலிப்பதில்லை.

சொல்லெல்லைக் குழப்பங்கள் 36-இல் பாதிக்கு மேல் தொகைச்சொற்களால் வந்தவை. ‘கவனம் நிலைத்திருக்கும் நேரம்’ என்பதற்கான ‘அவுஃப்மெர்க்ஸாம்கைட்ஸ்ஷ்பான’ என்ற சொல்லை நான்கு சொற்களாக உடைத்து எழுதியிருந்தேன். இதற்கு இரண்டு தடயங்கள் உதவின. எத்தனை நீண்டாலும் இத்தகைய தொகையில் முதன்மை அழுத்தம் ஒன்றுதான், அது பெரும்பாலும் முதல் உறுப்பில் விழுகிறது. இரண்டாவது முதன்மை அழுத்தம் கேட்கும் வரை ஒரே சொல்லுக்குள் இருக்கிறோம். மற்றொன்று இன்னும் உறுதியானது. ‘கைட்’, ‘ஹைட்’, ‘உங்’ என்று முடியும் பெயர்ச்சொற்கள் தொகையில் முன்னுறுப்பாக வரும்போது இடையில் ஒரு ‘ஸ்’ சேர்கிறது. இப்பெயர்கள் பெண்பால் என்பதால் தனியே நிற்கும்போது அவற்றுக்கு ‘ஸ்’ ஈறு வருவதே இல்லை. ஆகவே ‘கைட்ஸ்’ என்று காதில் விழுந்தால் சொல் முடியவில்லை, இன்னொரு பெயர் வரப்போகிறது என்று பொருள். நம் புணர்ச்சியில் ‘மரம்’ என்பது ‘மரத்து’ என்று திரியும்போது பின்னால் ஏதோ வருகிறது என்று காது எதிர்பார்ப்பதைப் போன்றதே இது. இந்த ஒப்புமை மனத்தில் தைத்தபின் நீண்ட சொற்களின் மேல் இருந்த அச்சம் விலகியது.

எண்கள் தனியே ஒரு தொல்லை. ஜெர்மனில் 48 என்பதை ‘எட்டும் நாற்பதும்’ என்ற வரிசையில் சொல்கிறார்கள். நாம் நாற்பத்தெட்டு என்று பத்தை முன்னால் வைக்கிறோம். ‘எட்டும்’ என்று கேட்ட உடனே கை 8 என்று எழுதிவிட, அடுத்து நான்கு சேர்ந்து 84 ஆகிவிடுகிறது. சுருக்கங்களில் ஆண்டுகளும் சதவீதங்களும் நிறைய வருவதால் இது அடிக்கடி நேர்ந்தது. இடத்தை விட்டுவிட்டு ஒன்றாம் இலக்கத்தை வலப்பக்கத்தில் முதலில் எழுதிப் பின் பத்தாம் இலக்கத்தை இடப்பக்கத்தில் நிரப்பக் கையைப் பழக்கினேன். கணக்குப் பாடத்தில் கூட்டல் போடும்போது வலமிருந்து இடம் செல்வதைப் போலத்தான். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

கடைசி வகையான 23 பிழைகளுக்கு வருகிறேன். சொற்கள் எல்லாம் சரி, பொருள் தவறு. துணைவாக்கியத்தில் வினை கடைசியில் வருவது ஜெர்மன் கற்கும் ஆங்கிலேயருக்குப் பெரும் சுமை என்பார்கள். தமிழருக்கு அது சுமையே இல்லை. வினைமுற்றுக்காகக் காத்திருப்பது நம் பிறவிப் பழக்கம். எனக்குச் சுமையாக இருந்தது வேறு: வினை முன்பே வந்து, பிறகு மாறிவிடுவது. ‘ஹ்யோர்ட்’ என்றால் ‘கேட்கிறார்’. அவர் எதையோ கேட்கிறார் என்று மனத்தில் படம் வரைந்துகொண்டிருக்கும்போது, எட்டுச் சொற்கள் தள்ளி ‘அவுஃப்’ என்று ஒரு துண்டு விழுகிறது. இரண்டும் சேர்ந்தால் ‘நிறுத்துகிறார்’. காத்திருக்கத் தெரிந்த மனம், வரைந்த படத்தை அழிக்கத் தெரியாமல் நின்றது. பிரியும் வினைகளுக்கெனப் பதிவேட்டில் தனிப்பக்கம் ஒதுக்கி, சுருக்கங்களில் அடிக்கடி வரும் முப்பது வினைகளை அவற்றின் வாக்கியத்தோடு எழுதி, வாசிப்பாளரோடு சேர்ந்து உரக்கச் சொல்லிப் பழகினேன். சேர்ந்து சொல்லும்போது, கடைசித் துண்டை நாமே சொல்ல வேண்டியிருப்பதால், அது வருவதற்கு முன்பே மனம் அதை எதிர்பார்க்கத் தொடங்குகிறது.

பத்தாம் வாரத்தில் இயந்திரக் குரலில் நூல்சுருக்கம் வாசிக்கும் வேறொரு செயலியையும் முயன்றேன். கட்டணம் குறைவு, சுருக்கங்கள் ஏராளம். ஐந்து நாளில் விட்டுவிட்டேன். ‘உம்ஃபாரன்’ என்ற வினையில் அழுத்தம் முதலசையில் விழுந்தால் வண்டியால் இடித்துத் தள்ளுவது. இரண்டாம் அசையில் விழுந்தால் சுற்றிக்கொண்டு போவது. அந்தக் குரல், தடையைச் சுற்றிச் செல்ல வேண்டும் என்ற வாக்கியத்தில் முதலசையை அழுத்தியது. அழுத்தத்தைத் தடயமாக நம்பிக் காதைப் பழக்கும் ஒருவருக்குத் தவறான அழுத்தம், தவறான அளவுகோலைக் கொடுத்து வேலை வாங்குவதற்குச் சமம். எல்லா இயந்திரக் குரலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கற்கும் நிலையில் இருப்பவரால் எது தவறு என்று தாமே கண்டுபிடிக்க இயலாது என்பதால், மனிதர் வாசித்ததையே தேர்வது நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். உரிமைக்காலம் முடிந்த பழைய ஜெர்மன் படைப்புகளைத் தன்னார்வலர்கள் வாசித்து வைத்திருக்கும் லிப்ரிவாக்ஸ் தளம் இலவசமாகவே கிடைக்கிறது. அங்கே சிறுகதைகளும் உண்டு. மொழி பழையது என்பது மட்டுமே குறை.

நூல்சுருக்கம் என்னும் வகைக்கே உரிய இரண்டு வளங்களைக் கடைசி வாரங்களில்தான் கவனித்தேன். ஒருவர் நூலில் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்வதே சுருக்கம் என்பதால், ஜெர்மனில் பிறர் கூற்றைக் குறிக்கும் சிறப்பு வினைவடிவம் அதில் அடிக்கடி வருகிறது. ‘இருக்கிறது’ என்னும் ‘இஸ்ட்’ என்பது ‘ஸை’ ஆகவும், ‘கொண்டிருக்கிறது’ என்னும் ‘ஹாட்’ என்பது ‘ஹாப’ ஆகவும் மாறினால், இது ஆசிரியரின் கூற்று, சுருக்கியவர் இதற்குப் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். நாம் ‘என்கிறார்’ என்றும் ‘ஆம்’ என்றும் சேர்க்கும் அதே பணி. ‘வந்தாராம்’ என்பதில் உள்ள தொலைவு ‘ஸை’ என்ற ஓரசையில் இருக்கிறது. செய்திகளிலும் இவ்வடிவம் மிகுதி. மற்றொன்று இணைப்புச் சொற்கள். ‘ட்ஸ்வார்’ என்று தொடங்கினால் பின்னால் ‘ஆபர்’ வரும். ‘உண்மைதான்’ என்று நாம் தொடங்கும்போதே கேட்பவர் ‘ஆனால்’ என்பதை எதிர்பார்ப்பதைப் போல. தேர்வில் தவறான விடைக்கான வலை பெரும்பாலும் ‘ட்ஸ்வார்’ பகுதியில் விரிக்கப்பட்டிருக்கும். சரியான விடை ‘ஆபர்’ என்பதற்குப் பின்னால் இருக்கும். மூன்று பழைய மாதிரித் தேர்வுகளை இந்தக் கண்ணோட்டத்தோடு திரும்பப் பார்த்தபோது, நான் முன்பு இழந்த மதிப்பெண்களில் பல அந்த இடத்திலேயே போயிருந்தன.

இவ்வகைப் பயிற்சி தராதவற்றையும் நேர்மையாக எழுத வேண்டும். சுருக்கத்தில் உரையாடல் இல்லை. ஒருவர் பேச்சை இன்னொருவர் இடைமறிப்பதில்லை. தயக்கம், தடுமாற்றம், பின்னணி இரைச்சல் எதுவும் இல்லை. எழுத்துக்காக எழுதியதை வாசிப்பதால், பேச்சில் இயல்பாக நேரும் கூறியது கூறலும் கிடையாது; ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டால் அது மீண்டும் வராது. கருத்துப் பெயர்கள் குவிந்திருக்கும், அரிசி, பருப்பு, ரயில் மேடை போன்ற அன்றாடச் சொற்கள் அரிதாகவே வரும். இதை மட்டும் நம்பி ஜெர்மனிக்குச் செல்பவர், நூலின் வாதத்தைப் பின்தொடர்ந்துவிட்டு, ரயில் நிலைய அறிவிப்பில் மேடை எண் மாறியதைத் தவறவிடுவார். இது காதின் ஒழுங்கைச் சீர்செய்யும் பணிமனை மட்டுமே.

பன்னிரண்டாம் வாரம் இரண்டு அளவீடுகள் எடுத்தேன். முதல் நாள் 47 பிழை செய்த அதே 90 விநாடியை மீண்டும் எழுதியபோது 5 பிழைகள் வந்தன. ஆனால் அதை முன்பே திருத்திப் படித்தவன் என்பதால் இந்த எண்ணுக்கு மதிப்புக் கொடுக்கவில்லை. அதே வாசிப்பாளர் வாசித்த, நான் அறியாத நூலின் சுருக்கத்திலிருந்து புதிய 90 விநாடியை எடுத்தேன். எழுதி முடிக்க 22 நிமிடம் ஆயிற்று, பிழைகள் 16. அவற்றில் 9 எனக்குத் தெரியாத சொற்கள். வாக்கியப் பொருள் தவறியது 2. சொல்லெல்லைக் குழப்பம் 1. தெரிந்தும் கேட்காதவை 4 மட்டும் இருந்தன. அந்த நான்கில் இரண்டு ‘அய்னன்’ ஈறு, ஒன்று ‘காக’ என்பதை மறுபடியும் நான்கு என்று எழுதியது, ஒன்று ‘கவும்’. அதே சொல்லை அதே போலத் தவறவிட்டதைப் பார்த்தபோது மனம் சற்றுச் சோர்ந்தது. பதிவேட்டின் முதற்பக்கத்தில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போது பிழைகளில் பாதிக்கு மேல் தெரியாத சொற்கள் என்பதால், புதுச்சொல் அட்டைகளைத் திரும்ப நாள்தோறும் எடுத்திருக்கிறேன். அடுத்த எட்டு வாரங்களுக்கு, வாரத்தில் மூன்று நாள் சுருக்கமும், மூன்று நாள் இருவர் பேசும் வானொலி நேர்காணலும் என்று பிரித்திருக்கிறேன். நேர்காணலின் முதல் 90 விநாடியை நேற்றுக் காலை எழுதினேன், 61 பிழைகள். பதிவேட்டில் ‘இருவர் ஒரே நேரத்தில் பேசியது’ என்று ஐந்தாவதாக ஒரு பத்தியைக் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறேன்.